கேளுங்க, அக்கா சொல்றேன்: இன்டர்ன்ஷிப்புக்கு மெட்ராஸ் போன நம்ம ஊரு பிள்ளைங்களுக்கு

போன மாசம் இந்தப் பகுதியில "கோடை லீவுக்கு சென்னைல இன்டர்ன்ஷிப் போற பிள்ளைங்க இருந்தா எழுதுங்க"ன்னு ஒரே ஒரு வரி போட்டிருந்தேன், அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸ்அப்பும் பாத்தா திருத்துறைப்பூண்டிலேர்ந்து திருவையாறு வரைக்கும் தெருவுக்கு ஒரு பிள்ளை பைய தூக்கிட்டு கெளம்பியிருக்கும் போல. ஒரே மாதிரி இருந்த கேள்விங்கள சேத்துட்டேன். நானும் வலங்கைமான் பக்கத்துலேர்ந்து 2003 கோடைல ட்ரெயினிங்குக்கு மெட்ராஸ் போனவதான், அதனால இந்த மாசம் முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன்.

நீடாமங்கலம் பக்கத்து கிராமம், ஒரு வாசகி: அக்கா, நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். கிண்டில ஒரு கம்பெனில எட்டு வாரம் இன்டர்ன்ஷிப், இப்ப மூணாவது வாரம் ஓடுது. காலைல போயி லேப்டாப் முன்னாடி உக்காருறேன், யாரும் ஒரு வேலையும் சொல்றதில்ல, மத்தியானம் தனியா சாப்புடுறேன். ஒருநாள் "இத இஞ்ச வைக்கவா"ன்னு கேட்டேன், ரெண்டு பேரு சிரிச்சுட்டாங்க, அதுலேர்ந்து வாயே தொறக்கல. அம்மா போன் பண்ணா நல்லாருக்கேம்மான்னு சொல்லிட்டு பாத்ரூம்ல போயி அழறேன். திரும்பி வந்துடவா?

வராத தங்கச்சி. அழுவுறது தப்பில்ல, அழு, ஆனா வந்துடாத.

நீ ஒன்ன யோசிச்சு பாரு. நம்ம பக்கம் நாம வாய தொறக்க வேண்டிய அவசியமே இருந்ததில்ல. பஸ்ஸ விட்டு எறங்குனா டீக்கடைல உக்காந்துருக்குறவரே "இன்னாரு பொண்ணுதானே நீயி"ன்னு கேட்டுடுவாரு, கடைல கடன் சொல்ல வேணாம், ஸ்கூல்ல பேர் சொல்ல வேணாம், நமக்கு முன்னாடியே நம்ம அப்பா பேரும் தாத்தா பேரும் போயி நின்னுடும். மெட்ராஸ்ல அது கெடையாது. அங்க யாரும் "நீ யாரு வீட்டு பொண்ணு"ன்னு கேக்க மாட்டாங்க, கேக்கலங்கறதால நம்மள வேணாம்னு நெனைக்கிறாங்கன்னு இல்ல, அவங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அத நாமளா சொல்லணும், நாமளா கேக்கணும், இத எனக்கு யாரும் போறதுக்கு முன்னாடி சொல்லித்தரல.

நான் போன 2003-ல மெட்ராஸ்ல பயங்கர தண்ணிப் பஞ்சம். நம்ம பக்கமும் மேட்டூர்ல தண்ணி இல்லாம குறுவை போயிட்டு, அப்பா கையில காசே இல்லாத வருஷம் அது. சைதாப்பேட்டைல ஒரு சந்துல ரூம், தெருவுக்கு தண்ணி லாரி வரும், விடியக்காலைல அஞ்சரைக்கு. அங்க ஆளுங்க வரிசைல நிக்க மாட்டாங்க, குடம்தான் நிக்கும். செவப்பு, பச்சை, ஊதான்னு பிளாஸ்டிக் குடம் வரிசையா தெரு ஓரம் நிக்கும், அதுதான் ஆளு. எனக்கு அது தெரியாது, நான் அஞ்சு மணிக்கு எழுந்து குடத்த கொண்டுபோயி கடைசில வச்சிட்டு பக்கத்துலயே நின்னேன். மொத நாள் என் மொறை வர்றதுக்குள்ள லாரி காலி, ரெண்டாம் நாளும் காலி, மூணாம் நாள் என் குடத்த யாரோ தள்ளி வச்சிட்டாங்க, நான் ஒண்ணும் சொல்லல, தொண்டைல வந்துச்சு ஆனா வெளில வரல. அன்னைக்கு ராத்திரி தெரு முக்குல இஸ்திரி போடுற அம்மாகிட்ட போயி நின்னேன். "அம்மா, நான் ஊருக்குப் புதுசு, வலங்கைமான் பக்கம், குடத்த எப்ப வைக்கணும்"னு கேட்டேன். அந்தம்மா பெட்டிய நிமித்தி வச்சிட்டு என்ன பாத்து "இத மொதல்லயே கேக்க வேணாமா கண்ணு, ராத்திரி பத்து மணிக்கே வச்சுட்டு போ, நான் பாத்துக்கறேன்"னாங்க. மறுநாள் காலைல போனா என் பச்சைக் குடம் அவங்க குடத்துக்கு முன்னாடி நிக்கிது. அந்தத் தண்ணில ரப்பர் ட்யூப் வாசம் அடிச்சுது, ஆனா அன்னைக்கு நான் அந்தக் குடத்த இடுப்புல வச்சு மாடிப்படி ஏறுனது இன்னும் மறக்கல.

அதனால நாளைக்கு காலைல நீ போயி உன் டீம் லீடர்கிட்ட நில்லு. வெறும "வேலை குடுங்க சார்"னு கேக்காத, அதுக்கு "இரு பாக்கலாம்"னுதான் பதில் வரும். அவங்க இந்த வாரம் என்ன பண்றாங்கன்னு பாத்து வச்சுக்க, அதுல சின்னதா ஒரு துண்டு கேளு, "இந்த டெஸ்டிங் பார்ட்ட மட்டும் எனக்கு குடுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சு காட்டுறேன்"னு நாளோட கேளு. ஒரு நோட்டு வச்சுக்க, தெரியாத வார்த்தைய எல்லாம் அதுல எழுது, சாயங்காலம் ஒருத்தர புடிச்சு அஞ்சு நிமிஷத்துல மொத்தமா கேட்டுடு, பத்து தடவ போயி நிக்காத, அவங்களுக்கும் வேலை இருக்கும்ல. மத்தியானம் டப்பாவ எடுத்துட்டு போயி "இங்க உக்காரலாமா"ன்னு கேட்டு உக்காரு. மொத நாள் ஒரு மாதிரிதான் இருக்கும், நாலாம் நாள் உன் எடத்த அவங்களே காலியா வச்சிருப்பாங்க.

அப்புறம் அந்த "இஞ்ச". "இங்க"ங்கறதுக்கு நம்ம தஞ்சாவூர் சீமை வார்த்தை அது, உங்க அம்மா வாய்லேர்ந்து வந்த வார்த்தை, அத எதுக்கு மறைக்கிற. சிரிச்சவங்கள்ட்ட "நீங்க எந்த ஊரு, உங்க ஊர்ல இதுக்கு எப்படி சொல்வீங்க"ன்னு கேட்டுப் பாரு. ஒருத்தரு நாகர்கோவிலா இருப்பாரு, ஒருத்தரு சேலமா இருப்பாரு. மெட்ராஸ்ல இருக்குறவங்க பாதிப்பேரு எங்கேர்ந்தோ வந்தவங்கதான். அம்மாகிட்ட தெனம் ஒரு நெச விஷயம் சொல்லு, பெரிய கஷ்டத்த எல்லாம் கொட்ட வேணாம், "இன்னைக்கு தனியாதாம்மா சாப்டேன்"னு ஒண்ணு சொல்லு போதும். அவங்களுக்கு உன் கொரல வச்சே தெரியும், சொல்லலன்னாதான் ராத்திரி முழுக்க தூங்காம கெடப்பாங்க.

கூத்தாநல்லூர் வாசகி: ஹாஸ்டல் தண்ணி ஒரே உப்பு, குளிச்சா முடி பிசுபிசுன்னு ஆவுது, கொட்டவும் செய்யிது. நீங்க எப்படி சமாளிச்சீங்க?

அது போர் தண்ணி. குளிக்க அத வச்சுக்க, ஆனா கடைசில தலைக்கு ஊத்த ரெண்டு சொம்பு நல்ல தண்ணி தனியா புடிச்சு வச்சுக்க, குடிக்க கேன் தண்ணி இல்லன்னா மெட்ரோ வாட்டர காய்ச்சி குடி. ஒண்ணு சொல்றேன் கேளு, எனக்கு இது தெரிஞ்சப்ப ஒடம்பு சிலுத்துப்போச்சு. 2004-ல வீராணம் ஏரித் திட்டம் முடிஞ்சு குழாய் வழியா மெட்ராஸுக்கு தண்ணி போவ ஆரம்பிச்சுது, ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர் கொண்டு போற மாதிரி போட்ட திட்டம். அந்த ஏரிக்கு தண்ணி எங்கேர்ந்து வருதுங்கற, அணைக்கரைல கொள்ளிடத்த தடுத்து வடவாறு வழியா வருது. காவேரி தண்ணிதான். மேட்டூர்ல தொறந்து, கல்லணைக்கு மேல முக்கொம்புல பிரிஞ்சு, நம்ம ஊருக்கு ஒரு கை வந்தா இன்னொரு கை கொள்ளிடமா ஓடி மெட்ராஸ் குழாய்க்கும் போவுது. நீ அங்க கொழாய தொறக்குறப்ப நம்ம ஆத்துத் தண்ணியும் அதுல கலந்து வரும்.

வெயில பத்தியும் நெறைய பேரு கேட்டிருக்கீங்க. கத்திரி மே 4-லேர்ந்து 28 வரைக்கும், நம்ம ஊர்லயும் அதே வெயில்தான், ஆனா இங்க திண்ணையும் வேப்பமரமும் இருக்கு, அங்க மாடி ரூம்ல ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு கீழ படுக்கணும். ரூம் பாக்குறப்ப மேல்மாடியான்னு பாத்துட்டு எடுங்க. ஞாயித்துக்கிழமை பகல்ல ரூம்ல கெடந்து வேவாதீங்க, கோட்டூர்புரத்துல அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கு, 2010-ல கட்டுனது, ஏசி ஹால், உள்ள போவ காசு கெடையாது, நம்ம சொந்த புஸ்தகத்த கொண்டுபோயி படிக்கவும் தனி எடம் இருக்கு.

பாபநாசம், ஒரு அப்பா: என் மகளுக்கு ஜூன்ல தரமணில இன்டர்ன்ஷிப். லேடீஸ் ஹாஸ்டல் பாத்துட்டு இருக்கோம், நெட்ல போட்டோ எல்லாம் நல்லாதான் இருக்கு, எத நம்பறதுன்னு தெரியல.

அண்ணே, போட்டோவ நம்பாதீங்க, ஒரு நாள் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி நேர்ல போயிட்டு வந்துடுங்க, அந்த ஒரு நாள் செலவு பெருசில்ல. பெண்கள் விடுதி நடத்துறதுக்கு தமிழ்நாட்டுல 2014-லேர்ந்து தனிச் சட்டம் இருக்கு, பதிவு பண்ணி லைசென்ஸ் வாங்கியிருக்கணும். போன ஒடனே "லைசென்ஸ் காட்டுங்க"ன்னு கேளுங்க. கேக்க சங்கடமா இருக்கும், நம்ம ஆளுங்க காபி குடுத்தாங்கன்னா அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்க மாட்டோம், ஆனா இது பிள்ளை விஷயம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல ஒரு தடவ அந்தத் தெருவுல பஸ் ஸ்டாப்லேர்ந்து நடந்து பாருங்க, லைட் எரியுதா கடை தொறந்திருக்கான்னு. அங்க ஏற்கனவே தங்கியிருக்குற பொண்ணு ஒண்ணுகிட்ட வார்டன் இல்லாதப்ப ரெண்டு வார்த்தை பேசுங்க. அட்வான்ஸ் எவ்வளவு, காலி பண்றப்ப எவ்வளவு புடிப்பாங்க, இத எழுதி வாங்கிக்கங்க. என்னோட ட்ரெயினிங்ல இருந்த கும்பகோணத்துக்காரி ஒருத்தி வாய்ப்பேச்ச நம்பி ரெண்டு மாச அட்வான்ஸ குடுத்துட்டு கடைசில அழுதுட்டே ரயில் ஏறுனா, அந்தக் காசு அவ அண்ணன் வட்டிக்கு வாங்கி அனுப்புனது.

அரசாங்கமே நடத்துற தோழி விடுதிங்களும் இருக்கு, தாம்பரம், கூடுவாஞ்சேரி, அடையாறு பக்கமெல்லாம். மாச வாடகைக்கும் இருக்கலாம், நாள் கணக்குலயும் இருக்கலாம், எடம் இருக்கான்னு முன்னாடியே விசாரிச்சுக்கங்க. தரமணிக்கு அடையாறு கிட்ட.

மயிலாடுதுறை, ஒரு தம்பி: ஸ்டைபென்ட் 8,000 ரூபா, ரூமுக்கே 5,500 போயிடுது. மிச்சத்துல சாப்புடுறதா பஸ்ஸுக்கு குடுக்குறதா? வீட்ல கேக்க மனசு வரல.

மனசு வரலன்னு சொல்ற பாரு, அதுலயே உன்ன புரியுது தம்பி. மொதல்ல ரூம்ல இன்னொருத்தர சேத்துக்க முடியுமான்னு பாரு, ஓனர்கிட்ட கேட்டா சில பேரு ஒத்துக்குவாங்க. போக்குவரத்துக்கு, தாம்பரம் பீச் லைன்ல உன் ஆபீஸ் இருந்தா எலக்ட்ரிக் ட்ரெயின் சீசன் டிக்கெட்ட விட மலிவு வேற எதுவும் கெடையாது, அந்த ட்ரெயின்ல குறைஞ்ச டிக்கெட்டே 5 ரூபாதான். பஸ்லயேதான் போவணும்னா எம்.டி.சி.ல, அதான் சென்னை டவுன் பஸ்ல, 1,000 ரூபா மாச பாஸ் இருக்கு, எந்த ரூட்லயும் எத்தன தடவ வேணாலும் ஏறலாம், ஏசி பஸ் தவிர. தெனம் ரெண்டு பஸ் மாறிப் போறவனா இருந்தா மட்டும் எடு, ஒரே பஸ்ஸுன்னா கணக்கு போட்டுப் பாரு. (பொண்ணுங்களுக்கு சாதாரண பஸ்ல 2021-லேர்ந்து டிக்கெட்டே கெடையாது, முன்னாடி பிங்க் பெயின்ட் அடிச்ச பஸ்ஸ பாத்து ஏறுங்க.)

சாப்பாட்டுக்கு அம்மா உணவகத்த கேவலமா நெனைக்காத. இட்லி 1 ரூபா, சாம்பார் சாதம் 5 ரூபா, தயிர் சாதம் 3 ரூபா. ஆட்டோக்காரரு, லோடு எறக்குறவரு, பரீட்சைக்கு படிக்கிற பசங்க எல்லாம் நின்னுக்கிட்டே சாப்புட்டு போற எடம் அது, சுடச்சுட இருக்கும். காலைலயும் மத்தியானமும் அங்க முடிச்சுட்டா ராத்திரிக்கு நல்லா சாப்புடலாம். பட்டினி மட்டும் கெடக்காத. ஒரு மாசம் இழுபறியா இருந்தா அப்பாகிட்ட சொல்லிடு, பிள்ளை கேக்காம பட்டினி கெடந்தான்னு பின்னாடி தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாரு.

திருவாரூர் வாசகி (ஊர் மட்டும் போடுங்கன்னு எழுதியிருக்காங்க): ஆபீஸ்ல எனக்கு கைட் பண்றவரு ராத்திரி பதினோரு மணிக்கு மேல மெசேஜ் பண்றாரு. மொதல்ல வேலை பத்தி, இப்ப போட்டோ அனுப்பு, ஞாயித்துக்கிழமை தனியா வான்னு. சர்டிபிகேட்ல அவருதான் கையெழுத்து போடணும். நான் வெறும் இன்டர்ன்தானே, கம்ப்ளெயின்ட் பண்ண எனக்கு உரிமை இருக்கா?

இருக்கு. நல்லா இருக்கு. 2013-ல வந்த பணியிட பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துல ஊழியர்ங்கற வார்த்தைக்குள்ள பயிற்சிக்கு வந்தவங்களும் அடக்கம், சம்பளம் வாங்குறியா வாங்கலியாங்கறது கணக்கே இல்ல. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எந்த எடத்துலயும் உள்புகார்க் குழு கட்டாயம் இருக்கணும், அதுக்கு தலைவியா ஒரு பெண்தான் இருக்கணும். ஆபீஸ் சின்னதா இருந்தா மாவட்டத்துல உள்ளூர் புகார்க் குழு இருக்கு. நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும்.

இன்னைக்கே அந்த மெசேஜ் எல்லாத்தையும் தேதி தெரியிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உன் மெயிலுக்கு அனுப்பி வச்சுக்க, ஒண்ணக்கூட அழிக்காத. "வேலை விஷயம் ஆபீஸ் நேரத்துல மட்டும் பேசலாம்"னு ஒரே ஒரு பதில் போடு, மன்னிச்சுக்கங்கன்னு எல்லாம் சேக்காத. தனியா போகவே போகாத. உன் காலேஜ்ல ப்ளேஸ்மென்ட் பாக்குற மேடம்கிட்ட சொல்லு, சர்டிபிகேட் பிரச்சனைய காலேஜ் வழியா பேசிக்கலாம். ராத்திரி பகல்னு இல்லாம 181-க்கு போன் பண்ணலாம், பெண்கள் உதவி எண் அது, என்ன பண்ணணும்னு அவங்களே சொல்லுவாங்க. அவசரம்னா 112. வீட்ல சொன்னா படிப்ப நிறுத்திடுவாங்கன்னு பயந்தா அக்காவோ சித்தியோ ஒருத்தர்கிட்டயாவது சொல்லி வை. நீ ஒண்ணுமே தப்பு பண்ணல பாப்பா. இதுக்கு எனக்கு மறுபடியும் எழுது, நான் காத்துட்டு இருப்பேன்.

மன்னார்குடி, ஒரு வாசகர்: இன்டர்ன்ஷிப் லெட்டர் வாட்ஸ்அப்ல வந்திருக்கு, 6,000 ரூபா ரிஜிஸ்ட்ரேஷன் கட்டச் சொல்றாங்க, கட்டலாமா?

கட்டாதீங்க. வேலைக்கு வர்றவன்கிட்ட காசு கேக்குறது வேலையே கெடையாது. ஏற்கனவே கட்டியிருந்தா ஒரு நிமிஷம் கூட தள்ளாம 1930-க்கு போன் போடுங்க, ஆன்லைன் பண மோசடிய புகார் பண்ற நம்பர் அது.

திருவையாறு, ஒரு தம்பி: எனக்கு ஆகஸ்ட் 15 வரைக்கும் இன்டர்ன்ஷிப். ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வரணும்னு இருக்கு, பாட்டி "நீ வராம என்ன பெருக்கு"ங்கறாங்க. ஆனா வந்து ரெண்டு மாசம்தான் ஆவுது, லீவு கேட்டா தப்பா நெனைப்பாங்களோ?

கேக்காம இருந்தாதான் தப்பு. நான் 2003 ஆடில கேக்கல. புதுசா வந்தவ, என்ன நெனைப்பாங்களோன்னு ஒரு நாள் லீவு கேக்காம ட்ரெயினிங் ஹால்லயே உக்காந்திருந்தேன். ஆத்துல தண்ணி இல்லாத வருஷம், எங்க அம்மா அடிபம்புல தண்ணி அடிச்சு குடத்துல வச்சு, மஞ்சக் கயிறும் காதோலை கருகமணியும் காப்பரிசியும் படைச்சு கும்புட்டாங்களாம், மறுநாள் எஸ்.டி.டி. பூத்லேர்ந்து பேசுறப்ப சொன்னாங்க. "உனக்கு ஒரு கயிறு எடுத்து வச்சிருக்கேன்"னாங்க. நான் போனப்ப அந்தக் கயிறு சாமி மாடத்துல சாயம் வெளுத்து கெடந்துச்சு.

இப்ப ஆத்துல தண்ணி வருது தம்பி. மேட்டூர் ஜூன் 12-ல தொறந்தா ஆடிக்குள்ள புஷ்ய மண்டபம் படித்துறைல படி முழுகி ஓடும், தெருவுல பிள்ளைங்க சப்பரம் இழுத்துட்டு போவும், உங்க பாட்டி அத பாத்துட்டு உன்ன நெனைக்காம இருப்பாங்களா.

ஆடி 18 ஆகஸ்ட் 2 இல்ல 3-ல வரும். ரயில் டிக்கெட் இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் தொறக்கும், அதனால ஜூன் மொத வாரத்துலயே கண்ண வச்சுக்க, உழவன்ல தஞ்சாவூருக்கு ஸ்லீப்பர் போடு, தாம்பரத்துலயே ஏறிக்கலாம், எழும்பூர் வரைக்கும் போவ வேணாம். கெடைக்கலன்னா கிளாம்பாக்கத்துலேர்ந்து பஸ் இருக்கு, ஆனா பண்டிக நாள்ல நின்னுக்கிட்டு வர்ற மாதிரி ஆயிடும். மேனேஜருக்கு மெயில் போட்டுடு, "ஆகஸ்ட் 2, 3 ரெண்டு நாள் ஊர்ல திருவிழா, போவணும், அந்த வாரத்து வேலைய முன்னாடியே முடிச்சுடுறேன்"னு ரெண்டே வரி. பெரிய விளக்கம் எல்லாம் எழுதாத. வர்றப்ப ஹாஸ்டல்ல கெடக்குற முறுக்கு டப்பாவையும் ஊறுகா பாட்டிலையும் கழுவி எடுத்துட்டு வா, ரொப்பி குடுக்க பாட்டிக்கு டப்பா வேணும்ல.